நாலு பேர் பேசுகிற மொழி

பட்டனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்கள். இருபது படங்களில் நான்குக்குத்தான் பெயர் சொன்னாளாம். மீதிப் பதினாறுக்கும் நேராக ‘பொருளற்ற ஒலி’ என்று பதினாறு தடவை எழுதியிருந்தது. அதில் பதினான்கு ஒலிகளுக்குப் பொருள் உண்டு. பொருள் கொடுத்தவன் நான். அவர்கள் அதை எழுதும்போது, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்தவனும் நானே.

பட்டன் என் தங்கையின் மகள். வயது இரண்டே முக்கால். முகம் வட்டம், கண் வட்டம், வயிறும் வட்டம். பிறந்த வாரமே யாரோ பட்டன் என்று கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. மருத்துவர்கள் கிறுக்குவதைப் படித்து, சரியான மாத்திரையை எடுத்து, எப்போது எத்தனை என்று உறையின்மேல் எழுதிக் கொடுப்பாள். காலை ஏழரைக்குப் போனால் மதியம் ஒன்றரைக்கு வருவாள். அவள் கணவர், என் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரம் எந்த மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. எனக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. இரண்டு மணிக்குப் போனால் போதும். கல்யாணம் காட்சி என்று நான் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆகவே பட்டனுக்குப் பத்து மாதமானதிலிருந்து அவளுடைய காலை நேரம் முழுக்க என் வசம்.

என் காலை நேரம் முழுக்க அவள் வசம் என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

அந்தத் தாளுக்கு வருகிறேன். வார்த்தை குறைவாக இருக்கிறதோ என்று தங்கைக்குச் சந்தேகம். அவளுக்கு விடுப்பு கிடைக்காததால், குழந்தைகளின் பேச்சைச் சோதிக்கும் நிலையத்துக்கு நான்தான் பட்டனைக் கூட்டிக்கொண்டு போனேன். சோதிக்கிறவர் முப்பது வயதுப் பெண். நான் மனதுக்குள் ‘பேச்சு மேடம்’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். அறையில் ஒரு பாய், ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி நிறைய மரப் பொம்மைகள். சுவரில் பெரிய அட்டவணை: ஒரு வயதில் ஒரு சொல், இரண்டு வயதில் இரண்டிரண்டு சொல்லாகச் சேர்த்து, மூன்று வயதில் அந்நியருக்கும் முக்கால்வாசி புரியும்படி, இப்படியே போய் ஐந்து வயதில் முடிந்துவிட்டது.

“ஐந்துக்கு அப்புறம் என்ன மேடம்?” என்றேன்.

“அப்புறம் என்ன, எல்லாரும் நல்லாப் பேசிடுவாங்க சார்.”

“எனக்குத் தெரிஞ்சு அப்படி நடந்ததா ஞாபகம் இல்லையே.”

அவர் சிரிக்கவில்லை. “நீங்க அந்த மூலையில உட்காருங்க. எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, வாயசைக்கக் கூடாது.”

“மூச்சு விடலாமா?”

“சத்தமில்லாம.”

முதல் படம் பந்து. பட்டன் “பந்து” என்றாள். பூனைக்குப் பூனை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது படம் குடை.

“டபக்கு,” என்றாள் பட்டன் தெளிவாக.

பேச்சு மேடத்தின் பேனா தாளில் ஏதோ எழுதியது. அடுத்து செருப்பு. “பெருச்சு.” அடுத்து சாவி. “சிலிங்கி.” சீப்பு வந்தது. “முடிக்கண்டி.” முடிக்கரண்டி என்பதில் ‘ர’ மட்டும் அவளுக்கு இன்னும் வராது. பூட்டுக்கு “வாய்மூடி” என்றாள். நிலாவுக்கு “மேலைட்டு.” ஆமைப் படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, கைகூப்பாத குறையாக, “மெதுவார்,” என்றாள்.

எல்லாம் சரியான விடை. ஒவ்வொன்றும் முத்து முத்தான விடை. ஒவ்வொரு தடவை சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டில் என்றால் தலையாட்டி, கைதட்டி, தேவைப்பட்டால் குட்டிக்கரணமும் போடுவேன். அங்கே மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்தாவது படத்துக்கு மேல் அவள் குரல் இறங்கிவிட்டது. பதினைந்தாவது படத்தில் படத்தையே பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாய்க்குள் சொன்னாள். மாமாவுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவளுடைய அப்போதைய ஆராய்ச்சி.

எழுந்து, “மேடம், இதெல்லாம் எங்க வீட்டு வார்த்தை,” என்று சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் வேலையில் நான் மொத்தம் ஏழு வாக்கியம்தான் பேசுகிறேன். பதினெட்டு வருடமாக அதே ஏழு. வண்டி வருகிறது, வண்டி புறப்படுகிறது, வண்டி தாமதம், உடைமைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த ரகம். அந்த ஏழில் ‘தப்பு என் பேரில்’ என்பது கிடையாது. உண்மையைச் சொன்னால், நாற்பத்தைந்து வயது ஆள், அதுவும் உச்சரிப்புக்காகவே சம்பளம் வாங்குகிறவன், ஒரு குழந்தைக்குக் குடையை டபக்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்பதை அந்த அறையில் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

இந்தக் கூத்து பட்டனோடு ஆரம்பித்ததும் இல்லை. எனக்குப் பதினோரு வயதில் தங்கை பிறந்தாள். இரண்டு வயதில் அவள் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை “இது என்ன?” என்று கேட்பாள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பதில் சொல்லும் இலாகா என்னிடம் வந்தது. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிற அதிகாரம் பதின்மூன்று வயதுப் பையனிடம் கிடைத்தால் என்ன ஆகும்? ஆமைக்கு மெதுவார் என்று மரியாதையாகப் பெயர் வைத்தேன். சீப்பை முடிக்கரண்டி ஆக்கினேன். அவளும் சும்மா இல்லை; செருப்பைப் புரட்டிப் போட்டு பெருச்சு ஆக்கியது அவள் கைங்கரியம். அப்பாவும் அம்மாவும் முதலில் திட்டினார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் விருந்தாளிகள் முன்னால் “என் பெருச்சு எங்கே?” என்று அப்பாவே தேட ஆரம்பித்தார்.

தங்கைக்கு ஏழு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்காமல், “ஆமை. இனிமே ஆமைன்னுதான் சொல்லணும்,” என்றாள்.

“ஏன், மெதுவாருக்கு என்ன கொறச்சல்?”

“ஒண்ணுமில்ல.”

வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு மேடத்தின் அட்டவணை ஐந்தோடு நின்றுவிட்டதால், அதற்குமேல் உள்ளதை நானே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை ‘ஒண்ணுமில்ல’. பதின்மூன்றில் அதுவும் நின்று, கதவு சாத்தும் சத்தத்தின் கனத்தை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோடு தொலைபேசியில் ‘ம்’ என்ற ஒரே எழுத்தை நாற்பது விதமாகச் சொல்லி ஒரு மணி நேரம் பேச முடிந்தது; நமக்கு அதில் ஒன்றுகூட இல்லை. முப்பதுக்கு மேல் முழு மொழியும் கைக்கு வந்துவிடும், பேச்சு திருத்தமாகிவிடும், எதைக் கேட்டாலும் ‘பாக்கலாம்’. மனிதன் இரண்டு வருடத்தில் பேசக் கற்றுக்கொண்டு, அடுத்த முப்பது வருடம் விடை சொல்லாமல் பேசுவது எப்படி என்று கற்றுக்கொள்கிறான்.

பட்டன் பிறந்த பிறகு அந்தப் பழைய வார்த்தைகள் எப்படியோ தூசி தட்டிக்கொண்டு வந்துவிட்டன. முதலில் நான்தான். அப்புறம் மாப்பிள்ளை. தங்கை கடையில் அவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவள், அவசரத்தில் “யாராவது என் சிலிங்கியப் பாத்தீங்களா?” என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஆக, அப்பாவும் அம்மாவும் போன பிறகு உலகத்தில் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் நாலு பேர். நாலு பேருக்குத் தெரியும்படி பேசு என்று யாராவது சொன்னால் நாங்கள் தாராளமாகப் பேசிவிடுவோம்.

தாளைத் தங்கையிடம் கொடுத்தேன். மருந்துச்சீட்டைப் படிப்பதுபோல் இரண்டு தடவை படித்தாள். கடைசி வரியில் ‘பிற குழந்தைகளோடு பழகச் செய்வது நல்லது’ என்று இருந்தது. அந்த வரியில் விரலை வைத்தாள்.

“சரிண்ணா,” என்றாள்.

“என்ன சரி?”

“பாக்கலாம்.”

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வாசலில் பெருச்சு, மன்னிக்கவும், செருப்பு மாட்டிக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார். மருந்துக்கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறதாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பட்டனை அங்கே விடப்போகிறார்களாம். தங்கையே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சறுக்குமரம் இருக்கிறதாம், மீன்தொட்டி இருக்கிறதாம்.

“அப்போ ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் நான் காலையில வரணுமா, வேண்டாமா மாப்பிள்ளை?”

“அது மச்சான்... அவ என்ன சொல்றாளோ.”

“அவ பாக்கலாம்னு சொல்றா. உங்க அபிப்பிராயம் என்ன?”

“மேல போகணுமா, கீழ போகணுமான்னு லிஃப்ட் மெக்கானிக்கைக் கேக்கலாமா மச்சான்? அதெல்லாம் பட்டன் அமுக்கறவங்க கையில.”

“எந்தப் பட்டன்?”

“ரெண்டும்தான்,” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

எனக்கு அன்று வேலையில் மனசு நிற்கவில்லை. ஒரு பக்கம் யோசித்தால், காப்பகம் நல்லதுதான். பட்டன் என்னைத் தவிர யாரோடும் சண்டை போட்டதில்லை. ஒரு குழந்தை சம வயதுக்காரரோடு சண்டை போட வேண்டாமா? இன்னொரு பக்கம், காலை எட்டு மணிக்கு அவள் ‘நானே, நானே’ என்று சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு கை எங்கே போயிற்று என்று தேடுவதைப் பார்க்காமல் நான் எந்த முகத்தோடு மதியம் வண்டி தாமதம் என்று அறிவிப்பது?

இதில் பெரிய சிக்கல் அந்தத் தாள். பட்டனுக்குப் பேச்சு வரவில்லை என்று நம்பித்தான் தங்கை காப்பகத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். உண்மையைச் சொன்னால் பட்டன் பேரில் உள்ள பழி போகும். ஆனால் குழந்தையைக் கெடுத்தது நான் என்று ஆகிவிடும், காப்பகம் இரண்டு மடங்கு உறுதியாகும். சொல்லாவிட்டால் நான் தப்பிக்கலாம். தப்பிக்கிற ஆள் முப்பத்துமூன்று மாதக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தப்பிக்க வேண்டும். என் உடம்புக்கு அந்த முதுகு போதாது.

இந்த யோசனையில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழைக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. ஒலிவாங்கியை இழுத்துச் சொன்னேன்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இறங்கும்போது தங்கள் டபக்குகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.”

பன்னிரண்டு நடைமேடைகளிலும் கணீரென்று கேட்டது. நல்ல உச்சரிப்பு.

ஐந்து நிமிடத்தில் ஒருவர் என் அறைக்கு வந்து கண்ணாடிச் சன்னலைத் தட்டினார். கையில் கைப்பெட்டி, தலையில் ஈரம். “சார், டபக்குன்னா என்ன? எனக்கு டபக்கு ஏதும் இருந்துதான்னு தெரியணும்.”

“குடைங்க,” என்றேன். “விரிக்கறப்ப அந்தச் சத்தம் வரும்ல.”

அவர் கையை நீட்டி, இல்லாத குடையை விரித்துப் பார்த்தார். “ஆமா, வருது,” என்று ஒப்புக்கொண்டு போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, “சார், என் டபக்கை ஒன்பதாம் நடைமேடை வண்டியிலேயே விட்டுட்டேன். கொஞ்சம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க,” என்றார், பிறந்ததிலிருந்து அப்படியே சொல்லி வந்தவர் மாதிரி.

பொருள் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிகிறது. அன்று அந்த அறையில் நான் பொருள் சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது. வண்டி நேரம் குறிக்கும் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, அகர வரிசையில் எழுத ஆரம்பித்தேன். முப்பத்தோரு வார்த்தை வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் பொருள், யார் உண்டாக்கியது, எந்த வருடம். பெரும்பாலானவற்றுக்கு எதிரில் என் பெயர்தான் வந்தது. குற்றப்பத்திரிகையை நானே தயாரித்தது போலவும் இருந்தது, அகராதி போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் போனதும், உட்காருவதற்கு முன்னாலேயே, தாளைப் பேச்சு மேடத்திடம் நீட்டினேன்.

“என்ன சார் இது?”

“போன தடவை நீங்க பொருளற்ற ஒலின்னு எழுதுனதுக்கெல்லாம் பொருள். தப்பு குழந்தை பேர்ல இல்ல மேடம். வாத்தியார் பேர்ல. வாத்தியார் நான்தான்.”

அவர் படித்தார். முதல் வரியில் புருவம் ஏறியது. ஐந்தாவது வரியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் கண் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஓர் இடத்தில் நின்றது.

“அண்ணா, இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“அவ ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு உன் மூஞ்சியப் பாத்திருப்பாளே.”

“பாத்தா.”

“நீ?”

“மரக்கட்டையா இருந்தேன்மா.”

அவள் பேச்சு மேடத்திடம் திரும்பிச் சொன்னாள். எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்களைப் பக்கத்தில் இருக்கிற மூன்றாவது ஆளிடம்தான் சொல்வது. “ரெண்டாவது வகுப்புல டீச்சர் ஆமைப் படத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க மேடம். நான் எந்திரிச்சு நின்னு மெதுவார்னு சொன்னேன். அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் எனக்கு அதான் பேரு. விளையாட்டுல சேத்துக்கணும்னா, ‘மெதுவார் வராரு, எல்லாரும் மெதுவா ஓடுங்க’ன்னுவாங்க. அதான் இவளுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு...”

எனக்கு அது புதுச் செய்தி. இருபத்தேழு வருடப் புதுச் செய்தி. வளர்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்ட அந்த மாலை, பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்ற ஏழு வயதுப் பெண், அவ்வளவையும் ‘ஒண்ணுமில்ல’ என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கிறாள். நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. என் வரலாற்றில் அது அபூர்வம்.

பேச்சு மேடம் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மறுபடி படங்களை எடுத்தார். இந்தத் தடவை நாற்காலியைப் பட்டனுக்கு எதிரில் போடச் சொன்னார். “சார், நீங்க மூஞ்சியை எப்பவும் போல வச்சுக்கலாம்.”

“எப்பவும் போல வச்சா பயந்துடுவீங்க.”

“பரவாயில்ல.”

பட்டன் ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் தலையாட்டினேன், அவர் அகராதியைப் பார்த்துச் சரி போட்டார். இருபதுக்குப் பதினெட்டு. ஏணியும் மத்தளமும் தெரியவில்லை. இரண்டும் எங்கள் வீட்டில் இல்லை.

அடுத்து வேறு படங்கள். என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பையன் பால் குடிக்கிறான். பட்டன் “பால் குடிக்கான்” என்றாள். நாய் ஓடுகிறது, “நாய் ஓடுது, பால் வேணுமாம்,” என்று இரண்டு படத்தையும் சேர்த்துக் கதையாக்கினாள். மூன்றாவது படத்தில், பெரிய கட்டடத்தின் கதவுக்கு வெளியே ஒரு சிறுமி பையோடு தனியாக நிற்கிறாள். அழவில்லை. சும்மா நிற்கிறாள்.

பட்டன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “பாப்பாவுக்கு கிணுக்கு,” என்றாள்.

பேச்சு மேடம் தாளில் விரலை ஓட்டினார். ககர வரிசையில் இல்லை. மறுபடி ஓட்டினார். “இது உங்க லிஸ்ட்ல இல்லையே சார்.”

“எனக்கும் தெரியாது மேடம். நான் வச்ச பேர் இல்ல.”

இருவரும் தங்கையைப் பார்த்தோம். அவள் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தாள்.

“அது... வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்குமில்ல மேடம், புது எடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி. பயம்னு சொல்ல முடியாது. அழுகையும் வராது. உள்ள ஏதோ கிணுக்கு கிணுக்குன்னு ஆடும்.”

“நீங்க சொல்லிக் கொடுத்ததா?”

“பள்ளிக்கூடம் போறப்ப எனக்கு நானே வச்சுக்கிட்டது. யார்கிட்டயும் சொன்னதில்ல. இவகிட்ட எப்பவோ சொல்லியிருக்கேன் போல. ஊசி போடப் போனப்ப அவளுக்கு என்னன்னு சொல்லத் தெரியல. நானும் வேற வார்த்தை தேடிப் பாத்தேன். கிடைக்கல.”

பேச்சு மேடம் தானே பேனாவை எடுத்து, என் தாளின் அடியில் முப்பத்திரண்டாவதாக எழுதிக்கொண்டார். “இந்த வயசுல பெரும்பாலும் அழறா, சிரிக்கறான்னு சொல்லுவாங்க,” என்றார். “இவ நடுவுல இருக்கறதுக்குப் பேர் சொல்றா.”

நான் அறிவிப்பாளன், அகராதி போட்டவன், முப்பத்தோரு சொல்லுக்குச் சொந்தக்காரன். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் என்னுடையதெல்லாம் சீப்பும் பூட்டுமாகத் தெரிந்தது.

பழைய தாளை மேடம் கிழித்துப் போடவில்லை. குறுக்கே கோடு போட்டு, புதிதாக ஒன்று எழுதினார். வயதுக்கேற்ற பேச்சு. வீட்டு வார்த்தையோடு வெளி வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கவும். “டபக்கு இருக்கட்டும். குடையும் தெரியட்டும். ரெண்டையும் வச்சுக்கற அளவுக்கு அவ தலையில எடம் இருக்கு.”

“சரிங்க மேடம். அதை நான் வீட்டுல வச்சுச் சொல்லித் தரட்டுமா, இல்ல காப்பகத்துல விடறதா?” என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

“அது குடும்பமாப் பேசி எடுக்கற முடிவு சார். ரெண்டுலயும் நல்லது இருக்கு.”

படித்தவர். ஐந்து வயதைத் தாண்டியவர். வேறெப்படிப் பேசுவார்?

வெளியே வந்தோம். எதிரில் ஒரு சின்னப் பூங்கா. பட்டன் அத்தனை படத்துக்கும் விடை சொன்ன களைப்பில் ஒரு பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தங்கை பெஞ்சின் ஒரு முனையில், நான் மறுமுனையில். நடுவில் அவளுடைய கைப்பை.

“மெதுவாருக்கு மன்னிச்சுக்கோம்மா,” என்றேன்.

“விடுண்ணா. நான்தான் சொல்லலையே.”

“சொல்லியிருந்தா நான் வந்து அந்தப் பசங்களை...”

“நீ வந்து அவங்களுக்கும் ஆளுக்கொரு பேர் வச்சிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?”

அது உண்மை. வைத்திருப்பேன். நல்ல பெயர்களாகவே வைத்திருப்பேன்.

பட்டன் எங்கள் எதிரில் வந்து நின்று, “மாமா, நா போறேன்,” என்று அறிவித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள். தங்கை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் சுற்றி வளைக்க என்னிடமும் வார்த்தை இல்லை.

“ஒண்ணு கேக்கறேன். பாக்கலாம்னு சொல்லாதே. ஒண்ணுமில்லன்னும் சொல்லாதே. காப்பகம்னு முடிவு பண்ணது அவ பேச்சுக்காகவா, இல்ல என்கிட்டேர்ந்து அவளைப் பிரிக்கவா?”

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். மாத்திரை எண்ணுகிறவள் மாதிரி உதடு லேசாக அசைந்தது. பிறகு திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

“பிரிக்கத்தான்,” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

“அவ முதல் முதல்ல நின்னதை நீ போன்ல சொன்னே. நடந்ததைப் போன்ல சொன்னே. நான் ஒரு கையில இருமல் மருந்தை வச்சுக்கிட்டுக் கேட்டேன். வீட்டுக்கு ஓடி வந்தா, நீங்க ரெண்டு பேரும் எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சுட்டிருப்பீங்க. என்னன்னு கேட்டா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒண்ணுமில்லம்பீங்க. எனக்கு எரியும்ணா. அந்தப் பேப்பர்ல பேச்சு வரலன்னு பாத்தப்ப, ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமாக்கூட இருந்துது. உன்கிட்டேர்ந்து அவளை எடுத்துட ஒரு காரணம் கிடைச்சுதேன்னு. அப்புறம் அதுக்கே அழுதேன்.”

பட்டன் மூன்றாவது சுற்று முடித்து வந்து, ஈரமான பிஸ்கட்டில் பாதியை அவள் அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். தங்கை அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“காப்பகம் வேண்டாம்,” என்றாள், மென்றுகொண்டே. “நீ வா. ஆனா ஒன்றரைக்கு நான் வாசல்ல நின்னா, நீ அந்த நிமிஷமே கிளம்பணும். உக்காந்து கதை அளக்கக் கூடாது, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு சொல்லக் கூடாது. சனி, ஞாயிறு வரவே கூடாது. அந்த ரெண்டு நாள் அவ எனக்கு வேணும். முழுசா வேணும்.”